ஹார்னஸ் பிரிட்ஜை நீளமாக்கலாமா? இடுப்பு நெரிகிறது

நுனிக்கிளை

வணக்கம். கயிற்றில் தொங்கி மரம் கவாத்துச் செய்யும் வேலையில் எனக்கு இது நான்காவது வருடம். இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டைக் கச்சையான ஹார்னஸுக்கும் அதே வயது. இரு பக்க வளையங்களுக்கு நடுவே போகும் பிரிட்ஜ் 11 மி.மீ. கயிறு, இரு முனையிலும் துளை வழியே உருவிவிடாமல் நிறுத்தும் தடை முடிச்சு. அதில் ஓர் அலுமினிய வளையம் ஓடுகிறது. ஏறும் கயிற்றின் காரபைனர் (பூட்டும் கொக்கி) அந்த வளையத்தில்தான் விழுகிறது.

சிக்கல் இதுதான். அரை மணி நேரம் தொடர்ந்து தொங்கினால் இடுப்பெலும்பின் இரு புறமும் கிடுக்கியால் பிடித்தது போல் நெரிகிறது. முதல் இரண்டு வருடம் இப்படி இருக்கவில்லை. வயதாகிறதா, வயிறு வளர்கிறதா என்று தெரியவில்லை.

மூன்று யோசனைகள் வைத்திருக்கிறேன். நீளமான கயிறு ஒன்றை வாங்கி பிரிட்ஜாகக் கட்டிவிடுவது. அல்லது ஒரு பக்கத் தடை முடிச்சை எடுத்துவிட்டு, அங்கே எடை ஏறினால் இறுகி, எடை இல்லாதபோது நகரும் உராய்வு முடிச்சுப் போட்டு, வேண்டும்போது நீட்டிக் குறுக்குவது. அதுவும் இல்லையென்றால் இரண்டாவதாக ஒரு நீள பிரிட்ஜையும் சேர்த்து மாட்டுவது. எது சரி? இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். பராமரிப்பு என்ற பெயரில் இதுவரை நான் செய்ததெல்லாம் தூசு தட்டியதுதான்.

பழைய வடம்

தம்பி, இவ்வளவு எழுதியும் ஓர் அளவு கூடச் சொல்லவில்லை. ஹார்னஸை மாட்டிக்கொண்டு தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்குங்கள். யாரையாவது விட்டு இரண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள்: ஒரு பக்க வளையத்திலிருந்து மறுபக்க வளையம் வரை பிரிட்ஜ் கயிற்றின் நீளம், அந்த இரு வளையங்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம். நின்றுகொண்டு அளக்காதீர்கள், அது வேறு எண். கூடவே உங்கள் எடை, கருவிகளோடு சேர்த்து. கையேட்டில் உங்கள் அளவு ஹார்னஸுக்கு எவ்வளவு பிரிட்ஜ் என்று போட்டிருக்கும். அதையும் பாருங்கள்.

நுனிக்கிளை

அளந்துவிட்டேன் ஐயா. கயிறு 32 செ.மீ., வளையங்களின் இடைவெளி 26 செ.மீ. ரம்பம், எரிபொருள், எல்லாம் சேர்த்து 90 கிலோ. கையேடு வீட்டில் எங்கேயோ இருக்கிறது, தேட வேண்டும்.

கணக்குப்பிள்ளை

இந்த இரண்டு எண்கள் போதும், மீதி முக்கோணக் கணக்கு.

ஓடும் வளையம் நடுவில் நிற்கும்போது பிரிட்ஜ் ஒரு கூரை வடிவத்தில் நிற்கிறது. கூரை தட்டையாக ஆக ஆக, உங்களைத் தூக்கும் விசை குறையாது. ஆனால் இடுப்பை இரு பக்கமிருந்தும் உள்நோக்கி அழுத்தும் விசை கூடிக்கொண்டே போகும். உங்கள் 32 செ.மீ.க்கு உச்சிக் கோணம் ஏறக்குறைய 109 பாகை. கயிற்றின் ஒவ்வொரு காலிலும் 77 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை. அதில் இடுப்பை உள்ளே நெரிக்கும் பங்கு மட்டும் பக்கத்துக்கு 63 கிலோ. நெரியாமல் என்ன செய்யும்?

இதையே 40 செ.மீ. ஆக்கினால் கோணம் 81 பாகைக்கு இறங்கும். நெரிப்பு 38 கிலோ. 50 செ.மீ. ஆக்கினால் 63 பாகை, 27 கிலோ. கவனியுங்கள்: முதல் 8 செ.மீ. உங்களுக்கு 25 கிலோவை மிச்சப்படுத்துகிறது. அடுத்த 10 செ.மீ. தருவது வெறும் 11 கிலோ. ஆகவே நீளம் கூடக் கூட நல்லது என்று ஓடாதீர்கள். அதற்கு ஒரு விலையும் உண்டு: வளையம் நிற்கும் உயரம் பக்க வளையங்களிலிருந்து இப்போது 9 செ.மீ.; 40-இல் 15; 50-இல் 21. ஏறும் கயிற்றில் நீங்கள் பிடித்து நகர்த்தும் உராய்வு முடிச்சு அந்த அளவு மேலே போய்விடும்.

உண்மையில் பக்க வளையங்கள் அழுத்தத்தில் கொஞ்சம் உள்ளே சாய்வதால் எண்கள் சற்றே மாறும். போக்கு மாறாது.

ரம்பத்தூள்

கணக்குப்பிள்ளை கடைசியில் சொன்னதைத் தோள் வலியோடு கற்றவன் நான். ஒரு பருவம் முழுக்க 50 செ.மீ.க்கு மேல் பிரிட்ஜ் வைத்து வேலை செய்தேன். கிடைமட்டக் கிளையில் நடக்கும்போது சொர்க்கம். உடம்பைத் திருப்பினால் வளையம் தானாக ஓடிப் பக்கத்துக்கு வந்து நிற்கும், இடுப்பு சுழலும், கால் கிளையில் ஒட்டும். ஆனால் நேராக ஏறும்போது ஒவ்வோர் இழுப்பிலும் கை அந்தக் கூடுதல் தூரத்தை எட்ட வேண்டும். சாய்ந்து உட்கார்ந்தால் உராய்வு முடிச்சு விரல் நுனிக்கு மேலே போய் நிற்கிறது. அவசரமாக இறங்க வேண்டிய நேரத்தில் முடிச்சு எட்டவில்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் விதி எளிது. முழு எடையும் விட்டுத் தொங்கி, பின்னால் சாய்ந்து, முழங்கை லேசாக மடங்கிய நிலையில் முடிச்சின் தலை கைக்குள் வர வேண்டும். அதற்கு மேல் ஒரு செ.மீ. கூட வேண்டாம்.

மூன்றாம் புரி

அதனால்தான் கூட்டிக் குறைக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். வேலை ஒரே மாதிரி இல்லை. முள்காலணி போட்டு மொட்டை மரத்தில் ஏறும்போது குட்டை பிரிட்ஜ்தான் வேண்டும். விரிந்த மரத்தின் நுனிக்குப் போகும்போது நீளம் வேண்டும். நான் ஒரு பக்கத்தில் உராய்வு முடிச்சுப் போட்டு இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். எடையை ஒரு நொடி பக்கக் கயிற்றில் (மரத்தைச் சுற்றிப் பக்க வளையங்களில் மாட்டும் கயிறு) போட்டுவிட்டு, முடிச்சை நகர்த்தி, மறுபடி உட்கார்ந்துவிடுவேன். நுனியில் தடை முடிச்சு இருக்கிறது, ஆகவே முழுதாக நழுவி வெளியே வர வழியே இல்லை. நுனிக்கிளை, உங்கள் இரண்டாவது யோசனைதான் சரி.

பழைய வடம்

மூன்றாம் புரியின் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்டவர் பராமரிப்பாகத் தூசு மட்டும் தட்டியவர் என்பதை மறந்துவிட்டுப் பதில் சொல்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஏறும் கயிற்றில் உள்ள உராய்வு முடிச்சை நாம் நாள் முழுக்கப் பார்க்கிறோம், தொடுகிறோம், அது மூக்குக்கு நேரே இருக்கிறது. பிரிட்ஜில் போடும் முடிச்சு இடுப்பின் ஓரத்தில், கருவிப் பையும் ரம்பமும் உரசும் இடத்தில், கண்ணில் படாமல் கிடக்கும். கிளைக்குச்சி ஒன்று அதன் தலையைத் தட்டினால் போதும், எடை இல்லாத நேரத்தில் தளர்ந்துவிடும். அடுத்த முறை உட்காரும்போது பிடிக்கலாம். இல்லையென்றால் தடை முடிச்சு வரை சறுக்கிவிட்டுப் பிடிக்கலாம். ஓடுகிற செயின்சா கையில் இருக்கும்போது அந்த ஒரு சாண் சறுக்கல் எங்கே போய் முடியும்?

இன்னொன்று, அந்த மிச்ச வால். நீளம் மாற்ற வேண்டும் என்றால் வால் தொங்கத்தான் செய்யும். களைத்த நேரத்தில் காரபைனரை வளையத்தில் மாட்டுவதற்குப் பதிலாக அந்த வாலின் மடிப்பில் மாட்டிவிட்டு உட்காரப் போன ஒருவரை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். நாற்பது வயது அனுபவசாலி அவர்.

உற்பத்தியாளரே கூட்டிக் குறைக்கும் பிரிட்ஜைத் தன் ஹார்னஸுக்கென்று செய்து விற்றால் தாராளமாக வாங்குங்கள். அது அந்த வளையத்தோடு, அந்தக் கயிற்றோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டது. நாம் வீட்டில் கட்டுவது நம் நம்பிக்கையோடு மட்டும் சோதிக்கப்பட்டது.

மூன்றாம் புரி

அப்படியென்றால் தடை முடிச்சும் நாம் கையால் கட்டுவதுதானே ஐயா? அதை யார் சோதித்தார்கள்?

பழைய வடம்

நியாயமான கேள்வி. கையேடு எந்த முடிச்சை, எத்தனை சுற்று, எவ்வளவு வால் விட்டுக் கட்டச் சொல்கிறதோ அதைக் கட்டினால் சோதித்தது அவர்கள். நம் கற்பனையைச் சேர்த்தால் நாம்.

கணக்குப்பிள்ளை

இடையில் ஒரு வார்த்தை, சண்டையை வேறு பக்கம் திருப்ப. பலம் என்ற பெயரில் இங்கே யாரும் பயப்பட வேண்டாம். ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 1891-இன்படி ஏ வகைக் கயிறு முடிச்சு இல்லாமல் குறைந்தது 22 கிலோநியூட்டன் (ஒன்று ஏறக்குறைய 100 கிலோ எடை) தாங்க வேண்டும். முனை கட்டிய நிலையில் 15 கிலோநியூட்டனை மூன்று நிமிடம் தாங்க வேண்டும். ஈ.என். 813-இல் இடுப்பு ஹார்னஸுக்கும் அதே 15, அதே மூன்று நிமிடம். நுனிக்கிளையின் பிரிட்ஜில் ஒரு காலில் விழுவது ஒரு கிலோநியூட்டனுக்கும் குறைவு. புதுக் கயிறு எடையால் அறுந்து எவரும் விழப்போவதில்லை. தேய்மானம், வெட்டு, சூடு, அவிழ்ந்த முடிச்சு, இந்த நான்கில் ஒன்றுதான் ஆளைக் கீழே தள்ளும். ஆகவே ‘இன்னும் தடித்த கயிறு போடட்டுமா’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில்: வேண்டாம். பக்க வளையத்தின் துளைக்கு எந்தத் தடிமன் என்று வடிவமைத்தார்களோ அதுதான். மெல்லிய கயிற்றின் தடை முடிச்சு துளை வழியே உருவிக்கொள்ளும். தடித்தது துளையின் விளிம்பில் நெருக்கிக்கொண்டு தேயும்.

பச்சைமட்டை

வெட்டு என்று சொன்னீர்கள். என் கதையையும் எழுதிவிடுகிறேன்.

இடுப்பு உயரத்தில் பெருவிரல் தடிமனில் ஒரு குச்சி. செயின்சாவை எடுக்கச் சோம்பல்பட்டு, வளைந்த கை ரம்பத்தால் இழுத்தேன். அந்த ரம்பம் இழுக்கும்போதுதான் வெட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். குச்சி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அறுந்தது. ரம்பம் என்னை நோக்கி வந்து பிரிட்ஜில் ஒரே ஒரு முறை உரசியது. சத்தமே இல்லை. குனிந்து பார்த்தால் கயிற்றின் வெளியுறை பிளந்து, உள்ளிருந்த வெள்ளை நார் வேகவைத்த இட்லிப் பானைத் துணி போலப் புடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. எடை ஏறி விறைத்த கயிறு பூசணிக்காய் மாதிரி வெட்டுப்படும்; தளர்ந்த கயிற்றை அதே ரம்பத்தால் அறுக்க நேரம் ஆகும்.

நல்ல வேளையாகப் பக்கக் கயிறு கட்டியிருந்தேன். அது பக்க வளையங்களில் நேரடியாக மாட்டுவது, பிரிட்ஜை நம்பி இல்லை. எடையை அதில் போட்டேன். இரண்டு பக்க வளையங்களிலும் பூட்டும் காரபைனர் போட்டு, நடுவே தைத்த ஸ்லிங் (நாடா வளையம்) ஒன்றை மாட்டி, ஏறும் கயிற்றை அதற்கு மாற்றி, நேராகக் கீழே இறங்கினேன். அது இறங்குவதற்கு மட்டும். அன்றைக்கு வேலையும் அதோடு முடிந்தது.

அதிலிருந்து வெட்டும்போது இரண்டு இணைப்பு இல்லாமல் ரம்பத்தை உறையிலிருந்து எடுப்பதில்லை.

நுனிக்கிளை

படித்துவிட்டு முதுகு சில்லிட்டது. அப்படியென்றால் என் மூன்றாவது யோசனை, இரண்டு பிரிட்ஜ், அதற்கு ஒரு தீர்வு இல்லையா? ஒன்று வெட்டுப்பட்டால் இன்னொன்று தாங்குமே.

ரம்பத்தூள்

ஏறும் கயிற்றின் வளையம் இரண்டு பிரிட்ஜிலும் கோத்திருந்தால் தாங்கும். ஒன்றில் மட்டும் கோத்திருந்தால் இன்னொன்று வேடிக்கைதான் பார்க்கும். பெரும்பாலானவர்கள் இரண்டு பிரிட்ஜ் வைப்பது இரண்டு தனித்தனி ஏறும் கயிறுகளுக்காக. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு நகரட்டும், ஒன்றை ஒன்று இழுக்க வேண்டாம் என்று. அந்த வேலைக்கு அருமை.

ஆனால் பக்க வளையத்தில் இரண்டு கயிறுக்குத் தனித்தனி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே துளையில் இரண்டையும் திணித்தால் அவை ஒன்றோடொன்று உரசும். வளையம் நகரும்போது தேய்மானம் கயிறு முழுக்கப் பரவும். நைலான் மேல் நைலான் ஒரே இடத்தில் உரசினால் ரம்பம் போலத்தான், சூடு எல்லாம் அந்த ஒரு புள்ளியில்.

பச்சைமட்டை

இழையைத் திசை திருப்புகிறேன், மன்னிக்கவும். பிசின் ஒட்டிய பிரிட்ஜை எதில் கழுவுகிறீர்கள்? எனக்குத் தெரிந்த ஒருவர் பெட்ரோலில் முக்குகிறார்.

பழைய வடம்

அவரிடம் அந்த ஹார்னஸை வாங்கிக் குப்பையில் போடுங்கள்.

வெதுவெதுப்பான நீர், 30 பாகைக்குள். காரம் இல்லாத மென்மையான சோப்பு. மெதுவான தூரிகை. நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் இல்லை, அடுப்பருகில் இல்லை. நைலானுக்கு அமிலம் எமன். பாலியெஸ்டருக்கு வலுவான காரம் எமன். ஆகவே வண்டியின் பழைய பேட்டரி இருக்கும் மூலையில் ஹார்னஸைப் போடாதீர்கள். கயிற்றில் அமிலம் பட்டது கண்ணுக்குத் தெரியாது, கையில் உதிரும்போதுதான் தெரியும். ஒட்டிய பிசின் முழுதாகப் போகாது, போகவும் வேண்டாம். கல் போல இறுகி, அந்த இடத்தில் கயிறு வளையவே மறுக்கிறது என்றால் மாற்றிவிடுங்கள். நிரந்தர மையால் கயிற்றின் நடுவில் தேதி எழுதும் பழக்கமும் வேண்டாம். தேதியைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

நுனிக்கிளை, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீளத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் இப்போதிருக்கும் பிரிட்ஜை ஒழுங்காகப் பார்த்தீர்களா? பார்ப்பது என்றால் கண்ணால் மட்டும் இல்லை. வளையத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, கயிற்றை இரு கைகளிலும் பிடித்து, சிறிய வளைவாக மடித்துக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போங்கள். நல்ல கயிறு எங்கும் ஒரே மாதிரி வட்டமாக வளையும். உள்நார் அடிபட்ட இடத்தில் மட்டும் முழங்கை போல் ஒடிந்து மடங்கும். விரல்களுக்கு நடுவே உருட்டும்போது தட்டையான, மெத்தென்ற, அல்லது திடீரென்று மெலிந்த இடம் இருக்கிறதா? பளபளவென்று மெழுகு பூசியது போல இருக்கிறதா? அது உருகிய உறை.

எல்லோரும் வளையம் ஓடுகிற நடுப்பகுதியைத்தான் பார்க்கிறார்கள். அங்கே பிசிறு வரும், கண்ணுக்குத் தெரியும், பயமும் வரும். ஆனால் கயிறு அதிகம் தேயும் இடம் பெரும்பாலும் அது இல்லை. பக்க வளையத்தின் விளிம்பில் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், ஒவ்வோர் அடிக்கும் மடங்கி நிமிர்கிறதே, தடை முடிச்சுக்கு ஒட்டினாற்போல், அங்கே. முடிச்சை அவிழ்க்காமல் அதைப் பார்க்க முடியாது. எப்போது கடைசியாக அவிழ்த்தீர்கள்?

நுனிக்கிளை

அவிழ்த்தேன் ஐயா. ஒரு மாலை முழுக்க ஆனது, முடிச்சு கல்லாக இறுகியிருந்தது.

வலது பக்கம் பரவாயில்லை. இடது பக்கம் முடிச்சின் கடைசிச் சுற்றை இழுத்து எடுத்ததும், பக்க வளையத்தில் மடங்கிய இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு உறை மயிர் மயிராக நைந்து, இரண்டு இழைகள் முழுதாக அறுந்து, நடுவே அரிசி மணி அளவுக்கு ஒரு வெள்ளை. உள்நார். சுற்றி ஒரு சாம்பல் கோடு. அலுமினியத் தூள் என்று நினைக்கிறேன், விரலில் ஒட்டியது. நடுப்பகுதி பிசிறாக இருந்தாலும் கை வைத்துப் பார்த்தால் வட்டமாக, முழுதாக இருக்கிறது. நான் இத்தனை நாள் கவலைப்பட்டது அந்த நடுப்பகுதியைத்தான்.

நேற்று வரை இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தேன்.

ரம்பத்தூள்

அதை மறுபடி கட்டாதீர்கள். திருப்பிப் போட்டு ஓட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

பழைய வடம்

இடது மட்டும் தேய்ந்தது ஏன் என்று பார்த்தீர்களா? நீங்கள் வலதுகைக்காரர் என்றால் உடம்பை ஒரே பக்கம் திருப்பித்தான் பெரும்பாலும் வெட்டுவீர்கள். அல்லது அந்தப் பக்க வளையத்தில் முள், அதாவது கூரான உலோகப் பிசிறு, இருக்கும். பழைய மெல்லிய காலுறை ஒன்றை வளையத்தின் உள்விளிம்பில் வைத்துச் சுற்றித் தேயுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே முள். கண்ணுக்கும் விரலுக்கும் தப்புவது காலுறைக்குத் தப்பாது.

கையேடு கிடைத்ததா?

நுனிக்கிளை

கிடைத்தது. முள் எதுவும் இல்லை, காலுறை வழுக்கிக்கொண்டு போனது. ஆகவே உடம்பைத் திருப்பும் பழக்கம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

கையேட்டில் இருந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் அளவு ஹார்னஸுக்கு அவர்கள் வைத்த பிரிட்ஜ் 39 செ.மீ.! எனக்கு எப்படி 32 ஆனது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு வலது முனையில் பிசிறு கண்டு, நானே கொஞ்சம் வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போட்டிருக்கிறேன். மறுபடி ஒரு முறை, வால் குட்டையாக இருப்பதாகத் தோன்றி, முடிச்சை உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறேன். இடையில் இரண்டு மழைக்காலம் நனைந்து காய்ந்ததில் கயிறும் கொஞ்சம் சுருங்கியிருக்கும். இடுப்பு நெரிய ஆரம்பித்ததும் அதே காலம்தான். வயிற்றின் மேல் பழி போட்டேன், பாவம்.

கணக்குப்பிள்ளை

39 செ.மீ. என்றால் நெரிப்பு ஏறக்குறைய 40 கிலோ. 63-இலிருந்து 40. தொழிற்சாலை வைத்த நீளமே உங்கள் மருந்து.

நைலான் நனைந்து காயும்போது சுருங்குவது உண்மைதான், சில விழுக்காடு. 7 செ.மீ.யில் பெரும்பங்கு உங்கள் கத்திரிக்கோலின் உபயம்.

மூன்றாம் புரி

நல்லது. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது: விரிந்த மரத்துக்கு 39 போதாதே?

ரம்பத்தூள்

போதாதபோது உற்பத்தியாளரின் நீள பிரிட்ஜ் இருக்கிறது. அதையும் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, வேலைக்கு ஏற்ப மாற்றலாம். எங்கள் குழுவில் இருவர் அப்படித்தான் செய்கிறார்கள். திருகு வைத்துத் திறக்கும் பக்க வளையம் என்றால் மாற்றுவது எளிது. ஆனால் கையேடு சொல்லும் முறுக்கு விசையும், திருகைப் பிடிக்கும் பசையும் ஒவ்வொரு முறையும் தேவை. சும்மா கையால் முறுக்கிவிட்டு ஏறக் கூடாது. அதிர்வில் திருகு கழலும் வேகம் நம்ப முடியாதது.

பச்சைமட்டை

இன்னொரு கேள்வி. மெல்லியதாக, பலமாக இருக்கிறதே என்று டைனீமா என்ற செயற்கை நார்க் கயிற்றில் பிரிட்ஜ் போடலாமா?

கணக்குப்பிள்ளை

டைனீமா ஏறக்குறைய 150 பாகையிலேயே உருகும். பாலியெஸ்டர் சுமார் 250 வரை தாங்கும். போதாததற்கு டைனீமா வழுக்கும், முடிச்சுப் பிடிக்காது. தடை முடிச்சை நம்பி நிற்கும் பிரிட்ஜுக்கு அதைவிடப் பொருந்தாத நார் இல்லை. தொழிற்சாலையில் உறை போட்டுத் தைத்து விற்றால் அது வேறு பேச்சு.

நுனிக்கிளை

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

உற்பத்தியாளரின் மாற்று பிரிட்ஜே வந்தது, 39 செ.மீ.க்குக் குறி போட்டது. கையேட்டில் படம் பார்த்துப் படம் பார்த்துக் கட்டினேன். முனையைத் தன்மேல் மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே கோக்கும் தடை முடிச்சு. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், அடுக்கி வைத்த வளையல் மாதிரி வந்த பிறகுதான் இறுக்கினேன். முதல் மூன்று முறை வளையல் ஒன்று குறுக்கே விழுந்தது, அவிழ்த்தேன். வால் 12 செ.மீ. விட்டேன்.

பிறகு தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கி, இரு பக்கமும் சாய்ந்து, வளையத்தை ஓரம் வரை ஓட விட்டு, கால் மணி நேரம். இறங்கி அளந்தால் இரு முடிச்சுகளும் சேர்ந்து ஒரு செ.மீ. உள்ளே இறுகியிருந்தன, வால்கள் 12-லிருந்து 11.5 ஆகியிருந்தன. மறுநாளும் தொங்கினேன், அசையவில்லை. அதன் பிறகுதான் மேலே போனேன். இப்போது ஒவ்வொரு காலையும் ஏறும் முன் வாலை விரலால் அளக்கிறேன், நான்கு விரல் வைத்து மேலும் இரண்டு. ஒரு விரல் குறைந்தாலும் ஏறுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இடுப்பு? முதல் நாள் மாலை வரை நெரிப்பை மறந்தே போனேன். முடிச்சும் கைக்குள்ளேயே இருக்கிறது.

பழைய வடம்

மகிழ்ச்சி. பதிவேட்டில் தேதியைப் போட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். வேலை அதிகம் என்றால் இன்னும் முன்பே. ஈ.என். 365 தகுதியுள்ள ஒருவர் பார்க்க வேண்டும் என்று சொல்வது குறைந்தது 12 மாதத்துக்கு ஒரு முறை. பிரிட்டனில் ஆளைத் தூக்கும் கருவிகளுக்கு ஆறு மாதம் என்று சட்டமே இருக்கிறது. அவையெல்லாம் உச்ச வரம்பு. தேய்மானம் நாட்காட்டி பார்ப்பதில்லை. இன்னொன்று, அவிழ்த்தால் வெட்டாமல் கட்டுங்கள். வெட்ட வேண்டிய நிலை வந்தால் அது பிரிட்ஜின் கடைசி நாள்.

பழைய கயிற்றை என்ன செய்தீர்கள்?

நுனிக்கிளை

நான்கு துண்டாக நறுக்கிவிட்டேன், யாரும் எடுத்துக் கட்டிவிடக் கூடாது என்று. அந்த வெள்ளை தெரிந்த துண்டை மட்டும் கருவிப் பெட்டியின் மூடியில் தொங்கவிட்டிருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையன் அதைக் கையில் எடுத்து ‘இவ்வளவுதானா அண்ணா?’ என்றான். வளைத்துப் பார் என்றேன். அந்த இடத்தில் முழங்கை போல மடங்கியது. வேறு எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் புரி

உங்கள் எல்லோருடைய நச்சரிப்பு தாங்காமல் என்னுடையதையும் கழற்றிப் பார்த்தேன். உராய்வு முடிச்சும் கயிறும் நன்றாகவே இருக்கின்றன. கொஞ்சம் பளபளப்பு, அவ்வளவுதான். பழைய வடம் ஐயா வருத்தப்பட வேண்டாம்.

ஆனால் பிரிட்ஜில் ஓடும் வளையத்தைக் கழற்றிய பிறகு அதன் உட்பக்கம் விரல் ஓட்டினேன். இரும்புக் காரபைனர் உட்கார்ந்து உட்கார்ந்து நகம் இறங்கும் அளவுக்கு ஒரு பள்ளம், பள்ளத்தின் ஓரம் கூராக இருக்கிறது. வளையம் சுழலும்போது அந்த ஓரம் கயிற்றின் மேல்தான் வந்து நிற்கும். இரண்டு வருடமாக முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். புது வளையத்துக்குச் சொல்லியாகிவிட்டது. அலுமினியக் காரபைனருக்கு மாறினால் இந்தத் தேய்மானம் குறையுமா, யாராவது சொல்லுங்கள்.

ரம்பத்தூள்

குறையும். ஆனால் அப்புறம் காரபைனரையும் வளையத்தையும் இரண்டையும் காலுறையால் தேய்க்க வேண்டியிருக்கும்.